பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

வெள்ளியும் வெண்கலமும் கடைத்தெருவில் எடை போட்டு வாங்கக்கூடிய பொருள்கள். அவற்றை வட்டமாக வார்த்து, ஒரு பக்கம் அரசரின் தலையையும் மறுபக்கம் ஓர் உருவத்தையும் பொறித்து, மேலே வண்ண நாடா ஒன்றைக் கோத்துவிட்டால் அதற்குப் பதக்கம் என்று பெயர் வந்துவிடுகிறது. பெயர் மாறியதும் மதிப்பும் மாறிவிடுகிறது. சில பதக்கங்களுக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். வேறு சிலர் அவற்றுக்காக இலட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் பொய் சொல்லியும் அவற்றை அணிந்திருக்கிறார்கள். ஒரு கையளவு உலோகத்துக்கு இத்தனை வல்லமை எங்கிருந்து வந்தது?

இவ்வாண்டு எங்கள் வரலாற்று மன்றத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட விவாதப் பொருள், "பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களைச் சேகரிப்பது கல்வியா, வாணிபமா?" என்பது. கல்வியே என்று ஒரு சாராரும், வாணிபமே என்று மறு சாராரும் மேசையைத் தட்டிப் பேசினர். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. இரு தரப்பும் மறந்த ஓர் உண்மையும் இருந்தது. அதைத் தேடிப் படித்து, எங்கள் முடிவை மாணவியர், அருட்சகோதரியர், பெற்றோர் ஆகிய அனைவர் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அந்தப் போரில் கலந்துகொண்டவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கருகில் மாத்யூ போல்டன் என்பவரின் நாணயச் சாலையில் அது அடிக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில், புலியைச் சிங்கம் கீழே தள்ளி மிதிக்கும் காட்சி. புலி என்பது திப்பு; சிங்கம் என்பது பிரிட்டன். படம் எல்லாப் பதக்கத்திலும் ஒன்றுதான். உலோகம் மட்டும் ஒன்றன்று. தளபதிகளுக்குத் தங்கம். அவர்களுக்கு அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. அதற்கும் கீழே வெறும் வெள்ளி, பிறகு வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சென்னைப் படையிலிருந்து நடந்தே மைசூருக்குப் போன சிப்பாயின் வீரம் ஈயத்தின் விலைக்கு மதிப்பிடப்பட்டது.

அடுத்த காட்சி ஐரோப்பாவில். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியன் தோற்றார். அந்தப் போருக்காக பிரிட்டிஷ் அரசு வழங்கிய பதக்கம் மூன்று வகையில் புதுமையானது. தளபதி முதல் கடைசிச் சிப்பாய் வரை அனைவருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் அதைப் பெறுபவரின் பெயர் இயந்திரத்தால் பொறிக்கப்பட்டது. போரில் இறந்தவரின் பதக்கம் அவருடைய நெருங்கிய உறவினருக்கு அனுப்பப்பட்டது. எங்கள் கட்டுரையின் கரு இந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. விளிம்பில் பெயர் ஏறிய அன்றுதான் பதக்கம் அலங்காரப் பொருள் என்ற நிலையிலிருந்து ஒரு சாட்சி என்ற நிலைக்கு உயர்ந்தது.

ஆனால் நீதி எப்போதும் ஒரே சீராக நடந்ததில்லை. 1793 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் பிற இடங்களிலும் போரிட்ட தரைப்படை வீரர்களுக்குப் பதக்கம் தரலாம் என்ற முடிவு 1847ஆம் ஆண்டில்தான் எடுக்கப்பட்டது. அதுவும் உயிரோடு இருந்து தாமே விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர் கண்மூடியிருப்பார்கள்! அவர்களுடைய பெயர் எந்த விளிம்பிலும் ஏறவில்லை.

1856ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் விக்டோரியா அரசியார் தம் பெயரால் விக்டோரியா கிராஸ் என்ற விருதை ஏற்படுத்தினார். தங்கமோ வைரமோ இல்லாமல் வெறும் வெண்கலத்தால் ஆன சிலுவை அது. அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் பேதம் பாராமல், வீரம் ஒன்றையே பார்த்து வழங்கப்பட வேண்டும் என்பது விதி. 1857ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் லண்டன் ஹைட் பூங்காவில் 62 பேருக்கு அரசியாரே அதை அணிவித்தார். போற்றத்தக்க ஏற்பாடுதான். எனினும், அரசியாரின் படையில் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்க்கு அதைப் பெறும் தகுதி 1911ஆம் ஆண்டு வரை தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதன் பிறகு அதைப் பெற்ற முதல் இந்தியர் குதாதத் கான். 1914 அக்டோபர் 31ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் ஹொல்லபேக் என்னுமிடத்தில், உடனிருந்தோர் அனைவரும் மடிந்த பிறகும் தம் இயந்திரத் துப்பாக்கியை விட்டு அகலாமல் நின்றதற்காக அவர் அதைப் பெற்றார்.

முதலாம் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்காக ஏறத்தாழ 65 இலட்சம் வெள்ளிப் பதக்கங்கள் அடிக்கப்பட்டன. அதே பதக்கம் வெண்கலத்திலும் ஏறத்தாழ 1,10,000 அடிக்கப்பட்டது. அவை யாருக்கு? மண் வெட்டியும் மூட்டை சுமந்தும் தொண்டு செய்த சீனர், மால்டா நாட்டவர், இந்தியர் முதலிய தொழிலாளர் படையினர்க்கு. ஸ்ரீரங்கப்பட்டணத்து ஈயம் நூறாண்டு கடந்து வெண்கலமாகத் திரும்பி வந்தது எனலாம்.

அதே போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு வெண்கலத் தகடு அனுப்பப்பட்டது. 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தகடு. 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போயிற்று. அதில் இறந்தவரின் பெயர் மட்டுமே உண்டு, பதவி இல்லை. கர்னலாயினும் சமையற்காரராயினும் ஒரே அளவு எழுத்து. சாவில் உயர்வு தாழ்வு இல்லை என்று வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். அத்தகடுகளில் சுமார் 600 மட்டும் பெண்களுக்குரியவை. அவற்றில் "அவன் இறந்தான்" என்னும் இடத்தில் "அவள் இறந்தாள்" என்ற சொல் வார்க்கப்பட்டிருக்கிறது. செவிலியராகவும் பிற பணியாளராகவும் போய்த் திரும்பாத பெண்கள் அவர்கள். பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு யார் தெரிந்துகொள்வது?

இத்தனையையும் நாங்கள் ஏன் அடுக்குகிறோம்? பதக்கம் என்பது வீரத்தின் அடையாளம் மட்டும் அன்று. அதைக் கொடுத்தவரின் மனத்தின் அளவும் அதில் பதிந்திருக்கிறது. யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள், எந்த உலோகத்தில் கொடுத்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு பதக்கம் ஒரு பாடப்புத்தகம். கேட்கத் தெரியாதவருக்கு அது ஒரு பொத்தான்.

ஆராய்ச்சி எப்படித் தொடங்குகிறது? ஒரு பூதக்கண்ணாடியும் பொறுமையும் போதும். முதலாம் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் வீரரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சின்னஞ்சிறு எழுத்தில் தெரியும். அதை வைத்துக்கொண்டு லண்டனில் கியூ என்னும் இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டவணைச் சீட்டுகளைத் தேடலாம். அங்கிருந்து படைப்பிரிவின் நாட்குறிப்பு, அங்கிருந்து மருத்துவமனை, அங்கிருந்து கல்லறை என்று வழி நீளும். எழுத்து மங்கியிருந்த ஓர் உலோகத் துண்டு சில வாரங்களில் ஊரும் உறவும் உள்ள மனிதராக எழுந்து நிற்கும்.

இந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டு ஒன்று, முதலாம் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகள் வைக்கப்பட்டிருந்த கிடங்கை எரித்துவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட பதிவேடுகள் சாம்பலாயின. அந்த மனிதர்களில் பலருக்கு இன்று எஞ்சியிருப்பது ஒரு சீட்டும், பதக்க விளிம்பில் ஒரு வரியுமே. அந்த வரியும் தேய்ந்துவிட்டால் அவர் இரண்டாம் முறை இறந்தவர் ஆவார்.

இரண்டாம் உலகப்போரில் இன்னொரு விந்தை நடந்தது. பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. சிக்கனம் கருதிச் செய்த முடிவு அது. ஆனால் இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. ஆகவே இங்கிலாந்துச் சிப்பாயின் பதக்கம் குடும்பத்தை விட்டு வெளியேறினால் அது யாருடையது என்று சொல்வாரில்லை. இந்தியச் சிப்பாயின் பதக்கமோ எந்த ஊர்ச் சந்தையில் கிடந்தாலும் தன் உடையவரைச் சொல்லும். நம்மவர் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை பேசும் பதக்கங்கள் என்பதைப் பெற்றோர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சி அழகான கதைகளையும் விட்டுவைப்பதில்லை. விக்டோரியா கிராஸின் வெண்கலம் செவஸ்தபோல் நகரில் ருஷியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளிலிருந்து வந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள், அந்த உலோகத்துக்காக வெட்டப்பட்டவையாகக் காட்டப்படும் பீரங்கிகள் சீனாவில் செய்யப்பட்டவை என்று கண்டு, பழங்கதை முழுதும் சரியா என ஐயம் எழுப்பியுள்ளனர். கதை குறைந்ததால் வீரம் குறைந்ததா? இல்லை. உண்மைக்கு அஞ்சாத மரியாதையே நிலைத்த மரியாதை.

இனிச் சேகரிப்போரைப் பற்றிச் சொல்வோம். "இறந்தவனின் மானத்தை விலைக்கு வாங்குகிறார்கள்" என்று எங்கள் விவாதத்தில் ஒரு மாணவி சாடினாள். நாங்கள் அதை ஏற்கவில்லை. 1942ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் விருதுகளையும் பதக்கங்களையும் ஆராய்வதற்கென்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. பதக்கங்களின் பெயர்ப் பட்டியல்களை எழுதியும் அச்சிட்டும் பாதுகாத்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய தனி மனிதர்கள்தாம். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை திடீரென்று வானளாவ உயர்ந்தது. அப்போது முதலாம் உலகப்போர் வெள்ளிப் பதக்கங்கள் எத்தனையோ உருக்கு உலைக்குப் போயின. பதக்கமாக விற்பதைவிட வெள்ளியாக விற்றால் அதிகம் கிடைத்தது. அந்நாளில் உலைக்குப் போகாமல் தப்பியவற்றுள் பல, சேகரிப்போரின் கையில் இருந்ததால் தப்பின.

பதக்கத்தை விற்ற குடும்பத்தையும் நாங்கள் குறை கூறோம். போர் முடிந்து வேலையின்றித் திரிந்த முன்னாள் வீரர்கள் இங்கிலாந்திலேயே அடகுக் கடைகளில் தம் பதக்கங்களை வைத்தார்கள். அடுப்பில் உலை வைக்க அரிசியில்லாதபோது பெட்டியில் வெள்ளியை வைத்திரு என்று யார் சொல்ல முடியும்? பதக்கம் கொடுத்த நாடு பிழைக்க வழியும் கொடுத்திருக்க வேண்டும். குற்றம் விற்றவரிடத்தில் இல்லை.

எனினும் சேகரிப்பிலும் அறம் உண்டு. முதலாம் உலகப்போரில் ஆரம்ப முதல் பணியாற்றியவருக்கு மூன்று பதக்கங்கள் கிடைத்தன. அக்காலத்தில் ஓர் ஆங்கில நாளிதழில் வந்த சித்திரக் கதையிலுள்ள நாய், பென்குவின் பறவை, முயல் ஆகிய மூன்று தோழர்களின் பெயரால் அவற்றை 'பிப், ஸ்க்வீக், வில்ஃபிரட்' என்று செல்லமாக அழைத்தார்கள். அதிக இலாபம் கருதி அந்த மூன்றையும் பிரித்து மூன்று பேருக்கு விற்பவர்கள் உண்டு. இது ஒரு குடும்பத்தைப் பிரிப்பது போன்ற செயல். விளிம்பிலுள்ள பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு, புகழ்பெற்ற வேறொருவர் பெயரைச் செதுக்கி விற்பவர்களும் உண்டு. இது களவு. பளபளக்க வேண்டுமென்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தை அழித்துவிடுவது அறியாமை. மூன்றாலும் விளைவது ஒன்றே: பெயர் போய்விடுகிறது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயல் சவாஸ் என்பவர் ஒரு மருத்துவர். போர்க்களத்தில் ஒருவரையும் கொல்லாமல், குண்டு மழையில் இறங்கிக் காயமுற்றோரைத் தூக்கி வந்ததற்காக 1916ஆம் ஆண்டு விக்டோரியா கிராஸ் பெற்றார். 1917ஆம் ஆண்டு அதே பணியில் காயமுற்று ஆகஸ்ட் 4ஆம் நாள் இறந்தார். இரண்டாம் முறையும் அவ்விருது அளிக்கப்பட்டது. இதுவரை 1,358 முறை வழங்கப்பட்ட அவ்விருதை இருமுறை பெற்றவர்கள் மூவரே. அவருடைய பதக்கங்கள் 2009ஆம் ஆண்டு ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டுக்குக் கைமாறின என்று செய்தி வந்தது. அந்தத் தொகை அவர் சுமந்து வந்த மனிதர்களின் விலையா? அல்ல. விலை வாங்குபவரின் வசதியைக் காட்டும். மதிப்பு செயலில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பதே கல்வி.

வயலெட் சாபோ என்னும் இளம்பெண் லண்டனில் கடையில் வேலை பார்த்தவர். கணவர் 1942ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்கப் போரில் இறந்தபின், பகைவர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இரகசியப் பணிக்குச் சென்றார். பிடிபட்டு, 1945ஆம் ஆண்டு ராவன்ஸ்புரூக் முகாமில் கொல்லப்பட்டார். அவருக்குரிய ஜார்ஜ் கிராஸ் விருதை 1947ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து பெற்றுக்கொண்டது அவருடைய நான்கு வயது மகள். அந்த மகள் அதை அறுபத்தெட்டு ஆண்டுகள் காத்தார். 2015ஆம் ஆண்டு அது ஏலத்தில் 2,60,000 பவுண்டுக்குப் போயிற்று. பின்னர் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மகள் விற்றது சரியா என்று கேட்டு எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. எங்கள் முடிவு இதுதான்: தனியார் பெட்டிக்குள் மறையாமல், பெயரோடும் கதையோடும் பலர் காண வைக்கப்படுமானால் கைமாறுவதில் பிழையில்லை.

இன்னொரு ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் ஒடெட் சான்சம். அதே முகாமில் சித்திரவதைக்குப் பின் உயிர் தப்பியவர். 1951ஆம் ஆண்டு அவருடைய தாயார் வீட்டில் திருடன் புகுந்து அப்பதக்கத்தை எடுத்துச் சென்றான். திருப்பித் தருமாறு தாயார் வேண்டுகோள் விட்டார். சில நாள்களில் பதக்கம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். தான் அவ்வளவு பொல்லாதவன் அல்லன் என்றும், சூழ்நிலைதான் தன்னை இப்படி ஆக்கிற்று என்றும், வீட்டு நாய் தன்னிடம் பிரியமாக இருந்தது என்றும் அதில் எழுதியிருந்தான். வெள்ளியைத் திருடத் துணிந்தவனுக்கு அந்தப் பெண்ணின் துன்பத்தைத் திருட மனம் வரவில்லை. திருடனுக்கும் புரிந்த இந்த உண்மை ஏலக்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

அடுத்தது, அணிவது. இங்கிலாந்தில் பதக்கம் பெற்றவர் அதை இடது மார்பில் அணிவார். அவர் இறந்தபின் மகனோ பேத்தியோ நினைவு நாளில் அணிந்தால் வலது மார்பில் அணிவார்கள். வலப்புறம் பதக்கம் இருந்தால், "இது என்னுடையது அன்று, என் முன்னோருடையது" என்று பொருள். எவ்வளவு நாகரிகமான வழக்கம்! ஒரு வார்த்தை பேசாமல் பணிவையும் பெருமையையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. நம் பள்ளியிலும் அக்காளின் பரிசுப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வரும் தங்கைகள் உண்டு. அக்காளைக் கொண்டாடுவது அழகு. அக்காளாக நடிப்பது அழகன்று. வேறுபாடு ஊசி குத்தும் பக்கத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

பெறாத பதக்கத்தைப் பெற்றதாகக் காட்டி அணிபவர்களை என்ன செய்வது? இங்கிலாந்தில் 1955ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருந்தது. பின்னர் வந்த 2006ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் பிரிவைத் தொடரவில்லை. 2016ஆம் ஆண்டு அதை மீண்டும் குற்றமாக்க ஒரு மசோதா பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. 2017ஆம் ஆண்டு தேர்தலுக்காகப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதால் அதுவும் கைவிடப்பட்டது. எங்கள் கருத்தில் சிறைத்தண்டனை வேண்டியதில்லை. பொய்யைச் சொல்லிப் பணம் பறித்தால் மோசடிச் சட்டம் இருக்கிறது. வெறும் பெருமைக்காகப் பொய் அணிபவருக்கோ, "எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்கத் தெரிந்த ஒரு சிறுமி போதும். அறிவுள்ள சமுதாயத்தில் பொய்ப் பதக்கம் நெடுநேரம் மின்னாது.

மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே பெற்றவர் பிற்காலத்தில் குற்றம் செய்தால் பதக்கத்தைப் பறிக்கலாமா? முற்காலத்தில் எட்டுப் பேரிடமிருந்து விக்டோரியா கிராஸ் பறிக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. கொலைக் குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும் ஒருவர் அதை அணிந்தே ஏற அனுமதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1920ஆம் ஆண்டு அவருடைய செயலாளர் அதை எழுத்தில் தெரிவித்தார். செய்த நன்மை பின்னால் வந்த தீமையால் அழிவதில்லை என்பதே இதன் பொருள். தண்டனை தீமைக்கு, நன்மைக்கு அன்று. வகுப்பில் ஒரு தவறு செய்துவிட்ட தோழியின் பழைய நற்செயல்களையெல்லாம் மறந்துவிடும் நமக்கு இது நல்ல பாடம்.

அணியாமலே பெருமை பெற்றவரையும் இங்கே நினைக்க வேண்டும். அயர்லாந்து நாட்டுக் கன்னியர் சிலர் 1854ஆம் ஆண்டு கிரிமியப் போருக்குச் செவிலியராகச் சென்றனர். காலராவும் குளிரும் வீரர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. அவர்களில் ஒருவர் சகோதரி மேரி அலோசியஸ் டாயில். திரும்பி வந்து கோர்ட் என்னும் சிற்றூர் மடத்தில் அமைதியாக வாழ்ந்தார். நாற்பதாண்டுக்குமேல் கழிந்து, 1897ஆம் ஆண்டு, செவிலியருக்கென 1883இல் ஏற்படுத்தப்பட்ட அரச செஞ்சிலுவை விருது அவருக்கு அளிக்கப்பட்டது. எந்த அணிகலனும் பூணாத துறவுடைக்கு ஒரு சிலுவை ஏற்கனவே போதுமானதாக இருந்தது. விருது தேடி அவர் போகவில்லை. விருதுதான் காலந்தாழ்த்தி அவரைத் தேடி வந்தது.

இப்போது ஒரு கடினமான கேள்வி. இவை நம்மை ஆண்டவர்களின் பதக்கங்கள் ஆயிற்றே, சுதந்திர நாட்டு மாணவியராகிய நமக்கு இவற்றில் என்ன பங்கு? நியாயமான கேள்வி. புலியை மிதிக்கும் சிங்கத்தைப் பார்த்து நாம் கைதட்ட வேண்டியதில்லை. ஆனால் 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். சென்னைச் சுரங்கப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி தேடும் குழுவை நடத்திச் சென்றார். ஒரு கண்ணி மிதிபட்டது. வெடிக்க ஒரு கணமே இருந்தது. அந்தக் கணத்தில் அவர் அதன்மேல் விழுந்தார். தம் உடலைக் கொடுத்து உடனிருந்தவர்களைக் காத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. காஞ்சிபுரத்தருகே பிறந்த அம்மனிதர் அந்தக் கணத்தில் பேரரசை நினைத்திருப்பாரா, பக்கத்தில் நின்ற தோழனை நினைத்திருப்பாரா? பதக்கத்தில் இருக்கும் தலை மன்னருடையது. விளிம்பில் இருக்கும் பெயரும் செய்த தியாகமும் நம்மவருடையவை. மன்னரின் தலைக்காக அந்தப் பெயரைத் தூக்கி எறிவது நியாயமாகாது.

"போரைப் போற்றலாமா?" என்பது இன்னொரு கேள்வி. போற்றக்கூடாது. ஆனால் மேலே நாங்கள் சொன்னவர்களை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் ஒருவர், செவிலியத் துறவி ஒருவர், தோழருக்காகக் கண்ணியின்மேல் விழுந்தவர் ஒருவர், பிறர் பெயரைக் காட்டிக்கொடுக்காமல் சித்திரவதையைத் தாங்கிய பெண் ஒருவர். இவர்கள் அனைவரும் உயிரைக் காத்தவர்கள். பதக்கங்களைக் கூர்ந்து படிப்பவர் போரை விரும்பார். போர் எத்தனை நல்லவர்களைத் தின்றது என்று கணக்கெடுப்பார்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வணங்கினர். வயல் வரப்புகளிலும் ஊர் எல்லைகளிலும் அந்த நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. சிலவற்றை அரசர்கள் நட்டிருக்கலாம். வணங்கியவர்கள் ஊர் மக்கள். நடுகல்லில் துணி துவைத்தால் நமக்கு மனம் வலிக்கும் அல்லவா? பெயருள்ள பதக்கத்தை எடைக்குப் போட்டாலும் அப்படி வலிக்க வேண்டும்.

ஆகவே எங்கள் முடிவு இது. சேகரிப்பது கல்வியாகலாம், வாணிபமுமாகலாம். எதுவாகும் என்பதை விளிம்பிலுள்ள பெயரே தீர்மானிக்கிறது. பெயரைத் தேடுபவன் மாணவன். பெயரை மறப்பவன் வணிகன். பெயரை அழிப்பவன் திருடன். அணிவதானால் உறவின் உரிமையோடு, வலது மார்பில், நினைவுக்குரிய நாளில் அணிக. மற்றோர் கண்ணால் பார்த்துப் பெயரை வாயால் சொன்னாலே போதும்.

தங்கைகளே, இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பென்ஷன் புத்தகத்தோடு, நாடா நைந்த ஒரு வட்டத்துண்டு கிடக்கக்கூடும். கிடந்தால் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியால் தூசியை மட்டும் தட்டி, வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் படியுங்கள். எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் எழுத்துப் பிசகாமல் நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தக் கப்பலில் போனார், திரும்பி வந்து என்ன பேசினார், எதைப் பேச மறுத்தார் என்று பாட்டி சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, வறுமை காரணமாக விற்கவே நேர்ந்தாலும், அந்தக் குறிப்பின் படியொன்றைப் பதக்கத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இன்னொன்றை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வையுங்கள். வெள்ளி கைமாறட்டும், பெயர் மட்டும் யார் கையிலும் தொலைந்து போக வேண்டாம்.